300 எம்பிபிஎஸ் பிளான். கேபிளில் மட்டும் 94-க்கு மேல் ஏறவில்லை, ஏன்?

மாடியறை:
வணக்கம். வீட்டில் ஃபைபர் இணைப்பு, 300 எம்பிபிஎஸ் பிளான். ரவுட்டர் பக்கத்தில் நின்று போனில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினால் 280, 290 வருகிறது. மாடியில் இருக்கும் டெஸ்க்டாப்புக்குச் சுவர் வழியாக லேன் கேபிள் இழுத்திருக்கிறது. அதில் எத்தனை முறை ஓட்டினாலும் 94தான். ஃபைல் இறக்கும்போது 11.2 எம்பி என்று நிற்கிறது. வைஃபையைவிடக் கேபிள்தானே வேகம் என்பார்கள்? ரேம் 8 ஜிபி இருக்கிறது, 16 ஆக்கினால் சரியாகுமா? போர்ட், லேன் கார்டு என்பதெல்லாம் பெயரளவில்தான் தெரியும், விளக்கமாகச் சொல்லுங்கள்.

கம்பித்தடம்:
ரேமுக்குச் செலவு செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் கைக்கெட்டும் தூரத்தில் தரவை வைத்துக்கொள்ளும் இடம் அது. இந்தப் பழுதுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். போனில் 290 வருகிறது என்றால், வெளியிலிருந்து வரும் ஃபைபர், அது வந்து சேரும் ஓஎன்டி பெட்டி, ரவுட்டர் மூன்றும் ஒழுங்காக இருக்கின்றன. ரவுட்டரின் லேன் போர்ட்டுக்கும் (கேபிள் செருகும் துளை) கணினியின் லேன் போர்ட்டுக்கும் நடுவில்தான் எங்கோ அடைக்கிறது.

94 தற்செயலாக வந்த எண் இல்லை. வீட்டுக் கருவிகளில் ஈதர்நெட் (லேன் கேபிள் வழியாகக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) பெரும்பாலும் 10, 100, 1000 மெகாபிட் என்று படிப்படியாகத்தான் பேசும். 300 என்று ஒரு படி கிடையாது. 100-இல் பேசும்போது, முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து ஒரு முழுத் தரவுப் பொட்டலம் கம்பியில் 1,538 பைட் இடம் பிடிக்கும். அதில் நம் தரவு 1,460 பைட். அதனால் 100-இல் 94, 95-தான் கைக்கு வரும். ஸ்பீட் டெஸ்ட் அந்த எண்ணிலேயே அசையாமல் நின்றால், இணைப்பு 100-க்கு இறங்கிவிட்டது என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

11.2-ம் அதே வேகம்தான், அளவுதான் வேறு. பிளானில் போடுவது மெகாபிட், ஃபைல் இறக்கும்போது காட்டுவது மெகாபைட்; 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 94-ஐ 8-ஆல் வகுத்தால் 11.75. பைட்டை மெகாபைட்டாக்க நிரல்கள் பல 1000-க்குப் பதில் 1024-ஆல் இருமுறை வகுப்பதால் அது 11.2 ஆகிறது. 1 டிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவதும் இந்த 1024 கணக்கால்தான். கடைக்காரர் ஏமாற்றவில்லை.

இப்போது மூன்று சோதனை செய்யுங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போய் லிங்க் ஸ்பீட் எவ்வளவு என்று பாருங்கள். போர்ட்டில் எரியும் விளக்கின் நிறத்தை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அடுத்து, டிவைஸ் மேனேஜரில் (கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் பக்கம்) லேன் கார்டின் (கணினிக்குள் லேன் இணைப்பைக் கையாளும் பாகம்) பெயரைப் பாருங்கள். ரியல்டெக் கம்பெனியின் கார்டு என்றால், பெயரில் ஜிபிஇ என்றிருந்தால் 1000 வரை போகும். எஃப்இ என்றிருந்தால் 100-தான் அதன் எல்லை. கடைசியாக, டெஸ்க்டாப்பையே கீழே கொண்டுவந்து, கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் 1 மீட்டர் கேபிளால் ரவுட்டரில் நேராகச் செருகிப் பாருங்கள். அப்போதும் 100 என்றால் ரவுட்டரின் லேன் போர்ட்டே 100-தானா என்று பாருங்கள். வைஃபையில் 1200 என்று அட்டையில் அச்சடித்த ரவுட்டர்களிலும் 100 போர்ட் வைத்தவை நிறைய உண்டு.

மாடியறை:
மிக்க நன்றி. லிங்க் ஸ்பீட் 100/100. கார்டு ஜிபிஇ. சின்னக் கேபிளில் 1000/1000 காட்டியது, ஸ்பீட் டெஸ்ட் 291. ஆக, சுவருக்குள் போகும் கேபிள்தான். லேன் கார்டின் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் அமைப்பில் 1 கிகாபிட் என்று கட்டாயப்படுத்தச் சொல்கிறார் ஒருவர், கேட்6 ரகக் கேபிளுக்கு மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்யட்டும்?

எட்டுக்கம்பி:
இரண்டும் வேண்டாம். கட்டாயப்படுத்தினால் இப்போது வரும் 94-ம் போய், இணைப்பே எழும்பாமல் போகலாம். இரு முனைக் கருவிகளும் தாங்களே பேசி வேகத்தை முடிவு செய்யும் ஆட்டோ நெகோசியேஷனிலேயே விடுங்கள். அதற்குக் கீழ்ப்படியில் இருக்கும் கேட்5இ ரகக் கேபிளே 100 மீட்டர் வரை 1000 மெகாபிட் தாங்கும். சுவரை உடைக்கத் தேவையில்லை. கேபிளின் மேலுறையில் கேட்5இ அல்லது கேட்6 என்று அச்சடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளுக்குள் 8 கம்பி, 4 ஜோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6-ஆம் பின்கள் (பிளக்கில் கம்பியைத் தொடும் உலோக முனைகள்). 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். 4, 5, 7, 8-இல் ஒன்று தொடாவிட்டாலும் இணைப்பு அறுந்துவிடாது, 100-க்கு இறங்கி ஓடும். அதனால்தான் இந்தப் பழுது வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது.

கேபிளின் நுனியில் இருக்கும் ஆர்ஜே45 பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து, முன்பக்கமிருந்து பாருங்கள். எட்டுச் செம்பு முனைகளும் பிளாஸ்டிக்கின் நுனிச்சுவரை முட்டிக்கொண்டு தெரிய வேண்டும். ஒன்று ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கியிருந்தாலும் மேலிருக்கும் தங்கநிறப் பின் அதைக் கடித்திருக்காது. ஓரத்தில் இருக்கும் பழுப்புக் கம்பியை முதலில் பாருங்கள். வயரிங் ஆள் நான்கு கம்பியை மட்டும் போட்டு, மீதி நான்கை வெட்டி மடித்துவிட்டிருப்பதும் உண்டு.

அப்படியிருந்தால் பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள் (புதுப் பிளக்கில் கம்பிகளை நுழைத்து, கருவியால் அழுத்திப் பொருத்துவது). பிளக்கின் கொண்டியைக் கீழே பார்க்கப் பிடித்து, இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்துக்கு இருபுறமும் பிரிந்து உட்காரும், பலர் தவறுவது இங்கேதான். ஜோடிக் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளியுறை பிளக்குக்குள் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுவை முழுக்க மெல்லிய கம்பிகள் மேல் விழும். சுவரில் லேன் சாக்கெட் இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒரே வரிசை வேண்டும்.

கம்பித்தடம்:
எட்டுக்கம்பி சொன்னதோடு ஒன்று. கிரிம்ப் செய்த பிறகு கேபிள் டெஸ்டரில் (கம்பிகளைச் சோதிக்கும் சிறு கருவி) 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிந்தும் 100-தான் வருகிறதென்றால், கம்பியின் நுனியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். செம்பு உரிந்து உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கம்பி தொடர்கிறதா என்பதை மட்டுமே அந்த டெஸ்டர் பார்க்கும், கம்பியின் தரத்தை அது அறியாது. அப்போது கேபிளை மாற்றத்தான் வேண்டும். பழைய கேபிள் குழாய்க்குள் தளர்வாக ஓடுகிறதென்றால், அதன் நுனியில் புதியதைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தால் சுவரைத் தொடாமலே வேலை முடியும்.