எங்கூர்ல கேன்சர் எச்சா இருக்குதுங்களா, எப்படி கண்டுபுடிக்கறது?

மேக்கால தோட்டத்தான்:

வணக்கமுங்க எல்லாருக்கும். எங்கூரு சென்னிமலைக்கு தெக்கால, நொய்யல் ஆத்துக்கு ரண்டு மைல் இக்கட்ட இருக்குது. போன செவ்வாக்கெழம எங்க பங்காளி ஊட்டுல ஒரு எழவு, வயசு 58தான், தொண்டையில வந்து ஒம்பது மாசத்துல முடிஞ்சு போச்சு. காரியமெல்லாம் ஆகி ஒறம்பரைக போன பொறவு திண்ணையில உக்காந்துட்டு இருந்தப்போ ஆளாளுக்கு ஒரு பேரா சொல்ல ஆரம்பிச்சாங்க. கீழ்த்தெரு ஆத்தா, டீக்கடைக்காரரு, பால் சொசைட்டில இருந்தவரு, அப்படியே எண்ணிட்டே போனா ஏழு வருசத்துல கேன்சர் வந்தவங்க 14 பேரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வர்லீங்க.

ஊரு, காலனி, தோட்டத்துச் சாளைக எல்லாம் சேத்து 2600 பேரு இருப்போம். என்ற சம்சாரத்தோட ஊரு கோபிப் பக்கம், வாய்க்கால் தண்ணி பாயற பூமி, அங்க என்ற மச்சினன்கிட்ட கேட்டா இதே ஏழு வருசத்துல நாலு பேருதாங்கறான். அங்க நாலு, இங்க 14. அப்போ நொய்யல் தண்ணிதானே காரணம்? எங்க கெணத்துத் தண்ணிய வாயில வெக்க முடியாம போயி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. இதுக்கு ஊர்வாரியா தாலுக்காவாரியா கணக்கு எங்கயாச்சும் வெச்சிருக்காங்களா? கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம்னு ஊர்ல சொல்றாங்க, என்னன்னு எழுதறதுன்னுதான் தெரியல. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆயக்கட்டு விவசாயி:

இதுல கேக்க என்னங்க இருக்குது. நொய்யல்ல ஒரத்துப்பாளையம் அணைய 1992ல கட்டி முடிச்சாங்க, பாசனத்துக்குன்னு. எங்க அப்பாரு அந்தத் தண்ணிய நம்பி தென்னம்புள்ள வெச்சாரு. கொஞ்ச வருசத்துல அணையில நின்னது மழைத்தண்ணி இல்லீங்க, திருப்பூரு சாயத்தண்ணி. மாடு குடிச்சா கழியும், எளநீ உப்புக் கரிக்கும், வெள்ளாமை போச்சு. அணைய தொறந்து விடாதீங்கன்னு விவசாயிகளே போராடுன ஒரே அணை இதாத்தான் இருக்கும். 2011ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகள மூடச் சொன்ன பொறவுதான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. கண்ணு முன்னால இத்தனை நடந்திருக்குது, இதுக்கு மேல எந்தக் கணக்க பாக்கோணும்? மனுவுல ஆத்தயே எழுதுங்க.

ஈரோட்டுக்காரி:

அண்ணா, மொதல்ல உங்க பங்காளி ஊட்டு துக்கத்துக்கு வருத்தமுங்க. நான் நாலு வருசம் ஒரு ஆஸ்பத்திரில கேன்சர் பதிவேட்டுக்கு பாரம் நிரப்பற வேலை பாத்தேன். பேரு, வயசு, எந்த ஊரு, அந்த ஊர்ல எத்தனை வருசமா குடியிருக்காங்க, கட்டி எந்த எடத்துல, பயாப்சில என்ன வந்துச்சுன்னு ஒவ்வொருத்தருக்கா எழுதணும், எழுதறப்போ நம்ம பக்கத்து ஊரு பேரா வரும், மனசு கனத்துப் போயிரும். அதனால நான் கணக்கு பேசறத கல்நெஞ்சுன்னு நெனைக்காதீங்க.

கணக்கு இருக்குதுங்க. சென்னையில 80கள் ஆரம்பத்துல இருந்தே எடுக்கறாங்க, தமிழ்நாடு முழுக்க எல்லா மாவட்டத்துக்கும் 2012ல இருந்து அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் மூலமா பதிவேடு நடக்குது. நம்ம மாநிலத்துல தோராயமா வருசத்துக்கு லட்சம் பேர்ல நூறு பேருக்கு மேல புதுசா கேன்சர் வருது. நூறுன்னே வெச்சுக்குங்க, உங்கூரு 2600 பேருக்கு வருசத்துக்கு ரெண்டரை பேரு, ஏழு வருசத்துக்கு 18 பேரு. நீங்க எண்ணினது 14. நாலஞ்சு பேரு வெளிய சொல்லாம மறைச்சிருப்பாங்க, அதையும் சேத்தாக்கூட மாநிலத்துல எங்கயும் வர்ற அளவுதான் அது. கேக்கவே சங்கடமா இருக்கும், எனக்கும் மொதல்ல நம்ப முடியல, கேன்சர் அவ்வளவு சாதாரணமா வர்ற சீக்கா மாறிப்போச்சுங்கறதே நம்ம யாருக்கும் ஒறைக்கல.

அப்பறம் உங்க ஊட்டு அக்கா ஊர்ல நாலு பேருன்னீங்களே, அந்த ஊர்ல மொத்தம் எத்தனை பேரு இருக்காங்க? அத கேட்டுச் சொல்லுங்க. ஆளுங்க எண்ணிக்கை தெரியாம 14ஐயும் நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒன்னும் புரியாது.

இன்னொன்னு வயசு. கேன்சர் பெரும்பாலும் அம்பது அறுவது தாண்டி வர்றது. நம்ம பக்கம் ஒன்னு ரெண்டு கொழந்தையோட நிறுத்துனது ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சாச்சு, அந்தப் புள்ளைங்களும் திருப்பூரு பெங்களூருன்னு போயிருச்சு, ஊருக்குள்ள நரைச்ச தலையாத்தான் தெரியுது. அப்படிப்பட்ட ஊர்ல ஆத்துல தேன் ஓடுனாக்கூட கேன்சர் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். அதனாலதான் பதிவேட்டுக்காரங்க எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி வயசுக்காரங்க இருந்தா எப்படி இருக்கும்னு சரிபண்ணி, வயசு சரிசெஞ்ச விகிதம்னு ஒன்னு போட்டுத்தான் ஒப்பிடுவாங்க. அப்படிப் போட்டும் வித்தியாசம் வந்தா அது வயசால வந்த வித்தியாசம் இல்ல. 2012ல இருந்து 2016 வரைக்குமான தேசியக் கணக்குல ஆம்பளைங்களுக்கு மிசோரம் அய்சால்ல லட்சத்துக்கு 269, மராட்டியத்துல உஸ்மானாபாத் பீட் பக்கம் 39.5. ஒரே நாட்டுக்குள்ள கிட்டத்தட்ட ஏழு மடங்கு! அய்சால்ல புகையிலை பழக்கம் ரொம்ப எச்சு, அதுதான் பெரிய காரணம்.

ஆஸ்பத்திரி கூட்டத்த வெச்சும் சொல்ல முடியாது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிகள்ல பாலக்காடு, ஊட்டி, கரூர், தாராபுரம்னு எல்லா எடத்துல இருந்தும் வந்து படுத்திருக்காங்க, அவங்கள கோயமுத்தூர் கணக்குல எழுத மாட்டோம், ஒரு வருசமாவது எந்த ஊர்ல குடியிருந்தாங்களோ அந்த ஊருக்குத்தான் போகும்.

உங்க 14 பேருக்கும் என்ன கேன்சர், என்ன வயசுன்னு முடிஞ்சா எழுதுங்கண்ணா. அதுதான் முக்கியம்.

மேக்கால தோட்டத்தான்:

அம்மிணி, நேத்து பொழுதோட ஊடு ஊடா போயி கேட்டனுங்க. மார்புல நாலு பேரு, வாயி தொண்டை மூணு பேரு (மூணு பேரும் புகையிலை போடறவங்க), கர்ப்பப்பை வாயி ரண்டு, வயிறு ஒன்னு, நுரையீரல் ஒன்னு, ரத்தத்துல ஒன்னு, மிச்சம் ரண்டு பேரு ஊட்டுல சரியா சொல்லல. பத்து பேரு 60க்கு மேல. மச்சினன் ஊர்ல மொத்தமே 700 பேருதானாமா.

ஈரோட்டுக்காரி:

அப்போ பாருங்கண்ணா, உங்கூர்ல ஆயிரம் பேருக்கு 5.4, அக்கா ஊர்ல ஆயிரம் பேருக்கு 5.7. வாய்க்கால் பாயற ஊர்லதான் ஒரு பொட்டு எச்சு. அதுக்காக கோபில பயப்படவும் வேண்டாம், 700 பேரு இருக்கற ஊர்ல ஒருத்தருக்கு கூட வந்தாலே விகிதம் எகிறும், ஒருத்தர் கொறைஞ்சா சடார்னு எறங்கும். சின்ன ஊருங்கள மட்டும் பட்டியல் போட்டா ரொம்ப ஒசந்ததும் அதுல இருக்கும், ரொம்ப கொறைஞ்சதும் அதுலயே இருக்கும். அதனாலதான் ஊர்வாரியா வெளியிட மாட்டாங்க, மாவட்டம், பல வருசம்னு சேத்துத்தான் பாப்பாங்க.

வகையும் கலந்து வந்திருக்குது. மார்பு, வாயி, கர்ப்பப்பை வாயி மூணும் தமிழ்நாடு முழுக்கவே முன்னால நிக்கறது, ஒவ்வொன்னுக்கும் காரணம் வேற வேற. ஒரே காரணம் ஒரு ஊரத் தாக்கியிருந்தா ஒரே வகை திரும்பத் திரும்ப வரும், இல்லீன்னா அரிதான வகை வரும், இல்லீன்னா சின்ன வயசுக்காரங்களுக்கு வரும். அந்த மாதிரி தெரிஞ்சா ஒரு நாளும் தாமதிக்காம மனு குடுக்கணும்.

ஆயக்கட்டு விவசாயி:

தங்கச்சி, நீங்க சொல்றத படிச்சேன். அப்போ சாயத்தண்ணி நல்ல தண்ணின்னு ஆயிருச்சா? நாளைக்கு இந்தக் கணக்கயே காட்டி ஒன்னும் இல்லைன்னு சொல்லிருவாங்க.

ஈரோட்டுக்காரி:

இல்லவே இல்லீங்கண்ணா, அந்தக் கோவம் ஞாயம்தான். 14 பேர வெச்சு ஆறு காரணம்னும் சொல்ல முடியாது, காரணம் இல்லைன்னும் சொல்ல முடியாது, எண்ணிக்கை அவ்வளவு சின்னது. நொய்யல் நெலத்தக் கெடுத்துச்சு, கெணத்தக் கெடுத்துச்சு, அதுக்கு கேன்சர் கணக்கு தேவையே இல்ல, உப்பு அளந்தாலே போதும். நான் பயப்படறது வேற. பஞ்சாப்ல மால்வா பக்கம் பூச்சி மருந்தாலதான் கேன்சர்னு ஊரே பேசுச்சு, அங்கிருந்து ராஜஸ்தான் பிக்கானேர் ஆஸ்பத்திரிக்கு ஆளுங்க போற ரயிலுக்கு கேன்சர் ரயில்னே பேரு வந்துச்சு. பதிவேடு ஆரம்பிச்சு எண்ணிப் பாத்தா மால்வாவுல இருக்கற மான்சா, சங்ரூர் மாவட்டங்களவிட சண்டிகர் டவுன்ல விகிதம் எச்சா வந்துச்சு. மால்வாக்காரங்க கஷ்டம் பொய்யில்ல, பக்கத்துல ஆஸ்பத்திரி இல்லாமத்தான் அவ்வளவு தூரம் ரயில் ஏறுனாங்க. நாம ஆத்த மட்டும் எழுதிக் குடுத்து, நாளைக்கு கணக்கு ஒத்து வர்லைன்னா ஆத்து வழக்கும் சேந்து வலுவிழந்துரும்.

பழைய சாய மேஸ்திரி:

நான் திருப்பூர்ல 1984ல இருந்து 22 வருசம் சாயப்பட்டறையில இருந்தவன் இத படிச்சிட்டு எழுதாம இருக்க முடியல. அப்போ கையுறை கெடையாது மொகத்துக்கு துணி கெடையாது பவுடர அள்ளி வாளியில போட்டு கைய உட்டே கலக்குவோம் ராத்திரி சோறு திங்கறப்போ கையில கலர் போகாது. பென்சிடின்ங்கற ரசாயனம் சேந்த சாயமெல்லாம் மூத்திரப்பையில கேன்சர் வரவைக்கும்னு வெளிநாட்டுல முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு நம்ம நாட்டுல 90கள்லதான் தடை வந்துச்சு. இது உடனே வராது, இருவது முப்பது வருசம் கழிச்சும் வரும்னு டாக்டர் சொன்னாரு. அப்போ 80கள்ல சாயம் கலக்குனவனுக்கு இப்பத்தான் வர்ற நேரம்.

இன்னொன்னு தங்கச்சி சொன்ன குடியிருக்கற ஊருக்குத்தான் கணக்குங்கறது. எங்ககூட வேல செஞ்சவங்க தேனி, மதுரை, தஞ்சாவூருன்னு எல்லா பக்கத்துல இருந்தும் வந்தவங்க, இப்போ பீகாரு ஒரிசா பசங்க. ஒடம்பு முடியாம போனா சொந்த ஊருக்குப் போயிருவாங்க. அங்க போயி ஒரு வருசத்துக்கு மேல இருந்த பொறவு சீக்கு தெரிஞ்சா அந்த மாவட்டத்து கணக்குலதான் ஏறும் திருப்பூர் கணக்குல ஏறாது. அதையும் யோசிக்கோணும். என்ற கூட்டாளிகளுக்கு சொல்றது ஒன்னுதான், வலியே இல்லாம மூத்திரத்துல ரத்தம் தெரிஞ்சா சூடுன்னு எளநீ குடிச்சிட்டு உக்காராதீங்க, உடனே காட்டுங்க, டாக்டர்கிட்ட சாயப்பட்டறையில இருந்தேன்னு வாயத் தொறந்து சொல்லுங்க.

ஒட்டன்சத்திரத்தான்:

எங்க பக்கத்து வெவரம் ஒன்னு சொல்றேனுங்க. அம்பிளிக்கை ஆஸ்பத்திரில கிராமத்து கேன்சர் பதிவேடு ரொம்ப நாளைக்கு முன்னாடியே ஆரம்பிச்சாங்க. 2000ல திண்டுக்கல் மாவட்டத்துல 114 ஊர்ப்பகுதிய ரண்டாப் பிரிச்சு, ஒரு பாதியில 30ல இருந்து 59 வயசுப் பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பை வாயில வினிகர் மாதிரி ஒரு மருந்தத் தடவிப் பாத்தாங்க, வெள்ளையாத் தெரிஞ்சா அங்கயே குளிர்வெச்சு சிகிச்சை. பாத்தது நர்ஸுங்கதான். எங்க அம்மாவும் அப்போ போனாங்க, வெக்கப்பட்டுட்டு வேண்டாம்னவங்கள பக்கத்து ஊட்டு அத்தைதான் இழுத்துட்டுப் போச்சு. ஏழு வருசம் கழிச்சு எண்ணிப் பாத்தா, பாக்காத பகுதிகளோட ஒப்பிட்டா நோய் வர்றது 25 சதவீதம் கொறைவு, சாவு 35 சதவீதம் கொறைவு. ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒரே சோளக்கூழு. பாத்த ஊருக்கும் பாக்காத ஊருக்கும் அவ்வளவு வித்தியாசம்.

ஈரோட்டுக்காரி:

இதத்தான் சொல்ல வந்தேன், நீங்களே சொல்லிட்டீங்க. சென்னையில கர்ப்பப்பை வாய் கேன்சர் 80கள்ல இருந்ததுல பாதிக்கும் கீழ எறங்கிருச்சு, அதே காலத்துல மார்பு கேன்சர் ஏறிட்டே போச்சு. கல்யாண வயசு, எத்தனை கொழந்தை, எப்போ பெத்துக்கறாங்க, எத்தனை மாசம் பால் குடுக்கறாங்க, ஒடம்பு எடை, எல்லாம் மாறுனா கேன்சரும் மாறுது. நம்ம பக்கமும் கிராமம் டவுனா ஆக ஆக இதே வழிதான்.

ஒரு விசயம் முன்கூட்டியே சொல்லி வெக்கறேன். 2023ல அரசு மொதல்ல நாலு மாவட்டத்துல வாயி, மார்பு, கர்ப்பப்பை வாய் பரிசோதனைய ஊடு ஊடா அழைச்சு செய்ய ஆரம்பிச்சாங்க, அதுல நம்ம ஈரோடும் ஒன்னு. தேடித்தேடிப் பாத்தா மொதல்ல எண்ணிக்கை ஏறத்தான் ஏறும். நாளைக்கு ஈரோட்டுல திருப்பூரவிட கேன்சர் எச்சுன்னு யாராச்சும் எழுதுனா பதறாதீங்க, சாவு எப்படிப் போகுது, எத்தனை பேர ஆரம்ப நெலையில புடிச்சிருக்காங்கன்னு பாருங்க. தென் கொரியாவுல கழுத்துக்கு ஸ்கேன் ரொம்பப் பேருக்கு எடுத்து தைராய்டு கேன்சர் 1993ல இருந்து 2011க்குள்ள 15 மடங்கு ஏறுச்சு, சாவு ஏறவே இல்ல.

மேக்கால தோட்டத்தான்:

எல்லாருக்கும் நன்றிங்க. மனுவ மாத்தி எழுதறதுன்னு ஊர்ல பேசியாச்சு. ஒன்னு, எங்க ஊருக்கு பரிசோதனை முகாம் வேணும், 30 வயசுக்கு மேல எல்லாப் பொம்பளைங்களுக்கும், புகையிலை போடற ஆம்பளைங்களுக்கும். ரண்டாவது, கெணத்துத் தண்ணிய சோதிச்சு உப்பு மட்டுமில்லாம குரோமியம் மாதிரி கன உலோகமும் எவ்வளவுன்னு எழுத்துல குடுக்கோணும். ரண்டையும் தனித்தனி மனுவா குடுக்கறோம், ஆயக்கட்டு அண்ணன் கோவிச்சுக்காதீங்க, தண்ணி மனுவுல மொதக் கையெழுத்து என்றதுதான்.

அப்பறமுங்க, சரியா சொல்லாத ரண்டு ஊட்டுல ஒரு ஊட்டுக்கு இன்னிக்கு காத்தால மறுக்கா போனேன். பெரியவருக்கு 67. மேஸ்திரி எழுதுனத போன்ல படிச்சுக் காட்டுனேன், அவரு மவன் எந்திரிச்சு உள்ள போயி ஆஸ்பத்திரி பைலக் கொண்டாந்தான். மூத்திரப்பைதானுங்க. பெரியவரு 1979ல இருந்து 16 வருசம் திருப்பூர்ல சாயம் கலக்குனவராமா, இத்தனை வருசத்துல எந்த டாக்டரும் கேக்கல, இவரும் சொல்லல. அம்மிணி, அடுத்த தடவை கோயமுத்தூர் போறப்போ இத எப்படி எழுதிக் கையில குடுத்து உடறதுன்னு மட்டும் சொல்லுங்க.

ஈரோட்டுக்காரி:

ஒரே ஒரு தாள் போதுமுங்கண்ணா. எந்த வருசத்துல இருந்து எந்த வருசம் வரைக்கும், பட்டறையில என்ன வேல, பவுடர் கையில பட்டுச்சா, பீடி சிகரெட் உண்டா, எத்தனை வருசம். தேதி போட்டு பைலோட மொதல் பக்கத்துல பின் அடிச்சு வெச்சுருங்க, டாக்டர்கிட்ட வாயாலயும் சொல்லி கேஸ் ஷீட்டுல எழுதச் சொல்லுங்க. அவருகூட அந்தப் பட்டறையில இருந்தவங்க யாரு யாரு, இப்போ எங்க இருக்காங்கன்னு ஞாபகம் இருக்கறப்பவே கேட்டு வேற ஒரு நோட்டுல எழுதிக்குங்க. அவங்களுக்கும் சேதி போகணும்.