துப்புரவுக் குழுவிடம் சுத்திகரிப்பு ரோபோவை எப்படி ஒப்படைப்பது?

கேள்வி: நிர்வாக உத்தியோகத்தர், கொழும்பு 2

யூனியன் பிளேஸ் பகுதியிலுள்ள எங்கள் அலுவலகக் கட்டடத்துக்குத் தரையைக் கழுவி உலர்த்தும் ரோபோ ஒன்றை வாடகைக்கு எடுக்க முகாமைத்துவம் தீர்மானித்துள்ளது. வரவேற்புக் கூடம், நீண்ட நடைபாதைகள், சிற்றுண்டிச்சாலை ஆகியவற்றை அது இரவில் தானாகவே சுத்தம் செய்துவிடும் என்று விற்பனையாளர் கூறுகிறார். எங்களிடம் வேலை செய்யும் துப்புரவுப் பணியாளர்களில் பெரும்பாலானோர் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள். ஒப்பந்த நிறுவனமொன்றின் ஊடாக வந்தவர்கள். சிலர் தமிழ் பேசுபவர்கள், சிலர் சிங்களம் பேசுபவர்கள். செய்தி எப்படியோ கசிந்து, "அடுத்த மாதம் எங்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களா, சேர்?" என்று ஓர் அக்கா நேரடியாகவே கேட்டுவிட்டார். அவரிடம் பொய் சொல்லவும் மனமில்லை, காப்பாற்ற முடியாத வாக்குக் கொடுக்கவும் மனமில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: கட்டடப் பராமரிப்புப் பொறியியலாளர், கொள்ளுப்பிட்டி

அந்த அக்காவின் கேள்விக்கு உரிய விடையில் பாதி இயந்திரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. அது திறந்த தரையை மட்டுமே கழுவும். மலசலகூடம், படிக்கட்டு, மேசை, குப்பைக்கூடை, தேநீர் அறையின் தொட்டி ஆகிய எதுவும் அதன் வேலையல்ல. சுவரோரத்திலும் தூண்களின் அடியிலும் ஒரு விளிம்பு எப்போதும் எஞ்சியே இருக்கும். ஆகவே விற்பனையாளரின் வாக்கைப் பணியாளர்களிடம் அப்படியே ஒப்பிக்காமல், கட்டடத்தை அவர்களோடு ஒருமுறை சுற்றிவந்து, எது இயந்திரத்துக்கு, எது கைக்கு என்று இடத்திலேயே நின்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ரோபோ வழியறிவதற்கான தள வரைபடத்தை அதில் பதிவு செய்யும் நாளில், அந்தத் தளத்தை வழக்கமாகத் துடைப்பவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். லேசர் உணரிகள் கண்ணாடியை ஊடுருவிப் பார்ப்பதால் கண்ணாடிக் கதவும் தடுப்பும் அவற்றுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. உணரியின் உயரத்தில் ஒளிபுகாப் பட்டி ஒட்டினால் அந்தச் சிக்கல் தீரும். இதற்கு எதிர்மாறாக, பள்ளத்தைக் கண்டறியும் அகச்சிவப்பு உணரிகள் கரிய நிறத் தரையைப் பள்ளம் என்று கருதி இயந்திரத்தை நிறுத்திவிடுவதுண்டு. மழைக்காலத்தில் எந்த வாசலால் அதிகம் மண் வருகிறது, எந்த மூலையில் குளிரூட்டி சொட்டுகிறது என்பவற்றையெல்லாம் விற்பனையாளரின் பொறியியலாளர் அறியமாட்டார், அந்த அக்கா அறிவார்.

மறுமொழி 2: துப்புரவு மேற்பார்வையாளர், வத்தளை

சேர், எங்கள் பிள்ளைகளுக்கு இயந்திரத்தைப் பார்த்துப் பயம் போக ஒரு கிழமை போதும். பழைய பழக்கம் போகத்தான் காலம் எடுக்கும். வாளியில் சவர்க்காரத் திரவம் தாராளமாக ஊற்றி, நுரை வந்தால்தான் சுத்தம் என்று பழகியவர்கள் அவர்கள். அதே கையோடு ரோபோவின் தொட்டியிலும் ஊற்றிவிட்டால், அழுக்குநீர்த் தொட்டியில் நுரை ஏறி, உள்ளிருக்கும் மிதவை தொட்டி நிரம்பிவிட்டதாகக் காட்டும். உறிஞ்சுதல் நின்றுபோக, தரை முழுவதும் ஈரமாகிவிடும். காலையில் வழுக்கி விழுபவர் குற்றம் சொல்வது துப்புரவுப் பணியாளரைத்தான், இயந்திரத்தை அல்ல. நுரை குறைந்த திரவத்தை மட்டும் வாங்கிக் கொடுத்து, அளவுக் குவளையில் கோடும் போட்டுக் கொடுங்கள்.

பின்புறத்தில் நீரை வழித்தெடுக்கும் இறப்பர் பட்டியை ஒவ்வொரு நாளும் துடைக்க வேண்டும். ஸ்டேப்ளர் ஊசி ஒன்று அதில் சிக்கினாலே நடைபாதை நெடுக ஒரு நீர்க்கோடு விழும். அழுக்குநீர்த் தொட்டியைக் கழுவிய பின் மூடியைத் திறந்தே வையுங்கள், கொழும்பின் ஈரப்பதத்தில் மூடி வைத்தால் மறுநாள் நாறும். திரையில் ஆங்கிலம் மட்டுமே இருந்தால், அடிக்கடி வரும் எச்சரிக்கைகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் சிறு ஒட்டிகள் எழுதி இயந்திரத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று: இயந்திரம் தரும் இரவு அறிக்கையை வைத்து அவர்களை விசாரிக்கத் தொடங்கினால், அடுத்த கிழமையே அது மின்னேற்றப்படாமல் மூலையில் நிற்கும்.

மறுமொழி 3: தொழில் உறவுகள் ஆலோசகர், நாரஹேன்பிட்டி

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். துப்புரவு ஒப்பந்தங்கள் பல தலைக்கணக்கில் எழுதப்படுகின்றன. இத்தனை பேர் வர வேண்டும், ஒருவர் குறைந்தால் கட்டணத்தில் இவ்வளவு கழிக்கப்படும் என்று. ஒப்பந்தம் அப்படியே இருக்க இயந்திரம் மட்டும் வந்தால், அடுத்த புதுப்பிப்பில் வெட்டப்படுவது தலைகள்தான்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கமர்த்திய தொழில்வழங்குநர், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்துவதாயின், அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியையோ முன்கூட்டியே பெற வேண்டும். வயதைக் காரணம் காட்டி அனுப்புவதும் எளிதல்ல, 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஓய்வு வயதைப் பொதுவாக 60 ஆக்கியிருக்கிறது. இந்தக் கடப்பாடுகள் ஒப்பந்த நிறுவனத்துக்கு உரியவை என்றாலும், ஆட்களைக் குறைக்கும் முடிவு உங்கள் அலுவலகத்திலிருந்தே புறப்படுகிறது என்பதை முகாமைத்துவத்துக்கு நினைவூட்டுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வரைபடப் பதிவுக்கு அந்த அக்காவையே அழைக்கப் போகிறேன். அதற்கு முன்னர், தற்போதுள்ளவர்களின் எண்ணிக்கை ஒப்பந்தக் காலம் முடியும்வரை குறைக்கப்படாது என்று எழுத்தில் தருமாறு முகாமைத்துவத்திடம் கேட்டிருக்கிறேன். இறப்பர் பட்டியும் தூரிகையும் வாடகையில் அடங்குமா?

மறுமொழி 2 எழுதியவர்

பெரும்பாலும் அடங்காது, சேர். கையெழுத்திட முன்னர் கேட்டு, விலையையும் எழுதி வாங்குங்கள். பல இயந்திரங்களில் பட்டியின் நான்கு விளிம்புகளையும் திருப்பித் திருப்பிப் பாவிக்கலாம், அதையும் அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.