போன் பிராண்டை நாம் தேர்ந்தெடுக்கிறோமா, நம் தலையில் கட்டுகிறார்களா?

கணக்கு வாத்தியார்:
வேறொரு இழையில் ஒருவர் "நம்ம ஆட்கள் ஒரு தடவை சாம்சங் வாங்கினால் கடைசிவரை சாம்சங்தான், பிராண்டை லேசில் மாற்ற மாட்டார்கள்" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் போட்டால் பேச்சு திசைமாறிவிடும், அதனால் தனியாக ஆரம்பிக்கிறேன். என் கருத்து நேர் எதிர். இந்தியாவில் போனுக்கு விசுவாசம் என்று ஒன்று இருந்ததே இல்லை. நோக்கியாவைவிட இந்த நாடு எந்த போனை அதிகம் நேசித்தது? 2003-இல் வந்த 1100, உச்சியில் டார்ச் லைட்டோடு, அது இல்லாத சட்டைப் பை அபூர்வம். அதே ஜனங்கள் கால் ரேட் கணக்குப் பார்த்து இரண்டு சிம் போடுகிற போன் கேட்டபோது நோக்கியா இழுத்தடித்தது. அதற்குள் மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா என்று நம்ம நாட்டுக் கம்பெனிகள் யார் யாரோ வந்து இரண்டு சிம், ஒரு மாதம் நிற்கிற பேட்டரி என்று கொடுத்தார்கள், கூட்டம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பக்கம் போய்விட்டது. அப்புறம் மைக்ரோமேக்ஸுக்கும் அதே கதி. 2014 கடைசிக் காலாண்டில் கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி ஸ்மார்ட்போனில் சாம்சங்கையே முந்திய கம்பெனி அது (சாம்சங் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை). மூன்றே வருஷத்தில் கடை அலமாரியில் தேட வேண்டியதாயிற்று. 2017 கடைசியில் ஷாவ்மி முதலிடம், 2023-இல் சாம்சங், 2024-இல் விவோ. நாற்காலி இப்படி மாறிக்கொண்டே இருக்கிற சந்தையில் பிராண்ட் பாசம் எங்கே இருக்கிறது? கொடுக்கிற காசுக்கு யார் அதிகம் தருகிறாரோ அவர் பக்கம் சாய்கிறோம், அவ்வளவுதான்.

பழனி ரோடு கடைக்காரன்:
சார், நீங்கள் பட்டியலைப் பார்த்து எழுதுகிறீர்கள், நான் கவுண்ட்டரில் நின்று எழுதுகிறேன். விலைதான் எல்லாம் என்றால் விவோ முதலிடத்துக்கு வந்திருக்கவே கூடாது. அதே விலைக்கு ஆன்லைனில் கிடைக்கிற போனில் ப்ராசஸர் வேகம், ரேம் அதிகம், எனக்கே தெரியும். ஆனால் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற குடும்பத்துக்கு ப்ராசஸர் பெயர் எதற்கு? அப்பா கையில் பணம், பையன் கையில் யூடியூப், அம்மாவுக்கு போட்டோ பளிச்சென்று விழ வேண்டும். இவர்கள் மூவரையும் ஒரே நேரத்தில் சமாதானப்படுத்துவது யார் என்று நினைக்கிறீர்கள்? என் கடையில் நிற்கிற, ஆனால் கம்பெனி சம்பளம் வாங்குகிற ப்ரமோட்டர் பையன்தான். டெமோ போனை எடுத்து அந்த அம்மாவையே ஒரு செல்ஃபி எடுத்துக் காட்டுவான், முடிந்தது வியாபாரம்.

இது தானாக நடந்ததல்ல. 2016 வாக்கில் விவோவும் ஓப்போவும் சின்ன ஊர்க் கடைகளுக்கெல்லாம் போர்டு போட்டுக் கொடுத்தார்கள், ஒரு தெருவே நீலமும் பச்சையுமாக இருந்தது. கடைக்காரனுக்கு மற்றவர்களைவிட மார்ஜின் அதிகம் விட்டார்கள், டார்கெட் அடித்தால் டூர் வேறு. மேலே ஐ.பி.எல். பெயரையே விவோ ஐந்து வருஷத்துக்கு 2,199 கோடி பேசி எடுத்தது, 2017-இல் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் ஓப்போ வந்தது. வாடிக்கையாளர் கடை வாசலை மிதிக்கும்போதே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, மீதிப் பாதியை நாங்கள் எடுக்கிறோம். அவர் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொள்கிறார். நான் மறுப்பதில்லை.

கோவைக்காரி:
அண்ணா, கடைசி வரியை ரொம்பப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள் :) ஆனால் ஒரு கேள்வி. 2014 ஜூலையில் ஷாவ்மி மி 3-ஐ 13,999 ரூபாய்க்கு ஃப்ளிப்கார்ட்டில் மட்டும் விற்றதே, அப்போது எந்த ப்ரமோட்டர் நின்றான்? எந்தத் தெருவில் போர்டு இருந்தது? பெயரை எப்படி உச்சரிப்பது என்றே யாருக்கும் தெரியாது. எங்கள் காலேஜ் ஹாஸ்டலில் மத்தியானம் இரண்டு மணிக்கு மொத்த விங்கும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், சில நொடிகளில் ஸ்டாக் தீர்ந்துவிடும், மறுவாரம் மறுபடியும் உட்காருவோம். அப்புறம் 5,999-க்கு ரெட்மி 1எஸ், 2017-இல் 9,999-இலிருந்து ரெட்மி நோட் 4. அதையெல்லாம் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லித்தான் வாங்கினார்கள். வாங்குகிறவருக்கு மூளை கிடையாது, சிரித்துப் பேசினால் பில் போட்டுவிடலாம் என்று நினைக்கிற கடைக்காரர்களை விட்டு ஓடிவந்த கூட்டம்தான் அது.

பழனி ரோடு கடைக்காரன்:
அதே ஷாவ்மி 2017-இல் பெங்களூரில் மி ஹோம் கடை திறந்தது ஏன் என்று யோசித்தீர்களா தங்கச்சி? ஆன்லைனில் பிடிக்க வேண்டிய ஆட்களையெல்லாம் பிடித்தாகிவிட்டது, மிச்சம் இருப்பவர்கள் தொட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள். கடைசியில் எங்களிடம்தான் வந்தாக வேண்டும்.

சுதேசி மனசு:
எல்லோரும் சீனாக்காரன் பெயராகவே அடுக்குகிறீர்கள், யாருக்கும் உறுத்தவில்லையா? சீன எல்லையில், கல்வானில், நம் வீரர்கள் இருபது பேர் உயிரைக் கொடுத்தார்கள். அப்போது டிவியை உடைத்தவர்கள், ஆப்பை நீக்கியவர்கள் எல்லாம் இப்போது எங்கே? லாவா என்று ஒரு கம்பெனி நொய்டாவில் இருக்கிறது, விளம்பரத் தொல்லை இல்லாத சுத்தமான ஆண்ட்ராய்டு தருகிறது, வீட்டுக்கே ஆள் அனுப்பி சர்வீஸ் செய்வதாகச் சொல்கிறது. வாங்கிப் பாருங்களேன்.

கணக்கு வாத்தியார்:
உங்கள் உணர்ச்சியை மதிக்கிறேன், ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2020 ஜூன் 15-இல் கல்வான். அதே வாரம் ஒன்பிளஸ் 8 ப்ரோ விற்பனைக்கு வந்து சில நிமிஷத்தில் தீர்ந்தது. கவுண்ட்டர்பாயிண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் சீன பிராண்டுகளின் பங்கு அந்த வருஷ முதல் காலாண்டில் 81 சதவீதம், அடுத்ததில் 72. இறக்கம்தான், ஆனால் ஊரடங்கில் சரக்கு வராததும் அதற்குள் சேர்த்தி. நவம்பரில் மைக்ரோமேக்ஸ் இந்தியாவைக் குறிக்கும் 'இன்' என்றே பெயர் வைத்து 10,999-க்கு இன் நோட் 1 கொண்டுவந்தது. தேசப்பற்று உச்சத்தில் இருந்த நேரம், விலையும் பரவாயில்லை. அப்படியும் எடுபடவில்லை. 2024-க்கான ஐ.டி.சி. என்ற இன்னொரு ஆய்வு நிறுவனத்தின் பட்டியலில் முதல் ஐந்து பேரில் சாம்சங் ஒன்றுதான் சீனா அல்லாதது.

சுதேசி மனசு:
அதற்கு ஜனங்களைக் குறை சொல்லாதீர்கள். ஜனங்கள் மைக்ரோமேக்ஸுக்கு முதலிடம் கொடுத்தார்களா இல்லையா? ஹாலிவுட் நடிகர் ஹியூ ஜாக்மேனைக் கூட்டிவந்து விளம்பரம் எடுக்கத் தெரிந்த கம்பெனிக்கு சொந்தமாக ஒரு போன் வடிவமைக்கத் தெரியவில்லை. சீனாவில் செய்ததை வாங்கி இங்கே ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள், செய்து கொடுத்தவனே நேரில் கடை போட்டதும் நடுவில் நின்றவனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது நம்ம கம்பெனிகளின் கோடவுன் நிறைய 3ஜி போன். ஜியோவுக்கு 4ஜி இல்லாமல் கால்கூடப் போகாது. இரண்டு மாதத்தில் பணமதிப்பிழப்பு வேறு, கையில் ரொக்கம் வைத்து வாங்குகிற ஆள்தான் நம்ம கம்பெனிகளுக்கு வாடிக்கையாளர், அவனே ஏ.டி.எம். வாசலில் வரிசையில் நின்றான். ஆசை இருந்தது சார், கொடுக்க வேண்டியவன் கொடுக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு "விசுவாசம் கிடையாது" என்று எழுதுவது நியாயமா?

ஒரகடம் ஷிஃப்ட்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஊருக்குப் போனால் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி: "ஸ்ரீபெரும்புதூரிலேயே ஐபோன் செய்கிறான், அப்புறம் ஏன் துபாயில் விலை கம்மி?" பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. 2019-இலிருந்து ஃபாக்ஸ்கான் கம்பெனி இங்கே பாகங்களைச் சேர்த்து ஐபோன் செய்கிறது, ஆனால் சிப், டிஸ்ப்ளே, கேமரா மாதிரி விலை உயர்ந்ததெல்லாம் வெளியிலிருந்து வருகிறது. 2020 ஏப்ரலில் போனுக்கான ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 18 ஆயிற்று, துபாயில் வாட் வரி வெறும் 5. செய்த இடத்தை வைத்து விலை குறையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், என் அறையில் இருக்கிற பசங்களுக்கு அந்த போன் மேல் இருக்கிற ஆசை வேறு மாதிரி. நம்ம ஊரில் செய்தது என்பதற்காக இல்லை, அந்த ஆப்பிள் சின்னத்துக்காக. பழையதையாவது வாங்கிவிட வேண்டும் என்று சீட்டுப் போட்டு வாங்குகிறார்கள்.

கணக்கு வாத்தியார்:
இதைத்தான் தாங்க முடியவில்லை. மாதம் இருபத்தைந்தாயிரம் சம்பளம் வாங்குகிற பையன் எழுபதாயிரம் ரூபாய் போன் எடுக்கிறான், கேட்டால் நோ காஸ்ட் இ.எம்.ஐ., வட்டியில்லாத தவணை என்கிறான். போட்டோ எடுக்கவும் வாட்ஸ்அப் பார்க்கவும் இருபதாயிரம் ரூபாய் போன் போதாதா?

கோவைக்காரி:
சார், வாத்தியார் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், கணக்கைப் போட்டுவிட்டுத் திட்டுங்கள். இருபதாயிரம் ரூபாய் போன் பலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்ட்ராய்டு பதிப்புக்கு மேல் வருவதில்லை, அதற்குள் போன் திணற ஆரம்பித்துவிடும், பழைய போனாக விற்கப் போனால் ஐந்தாயிரம் கிடைத்தாலே பெரிது. நான் முன்பு வைத்திருந்த ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஃபைல் திறக்கப் போனாலும் விளம்பரம் வந்து நிற்கும், காசு கொடுத்து வாங்கிய போனில்! ஐபோனை ஐந்து வருஷம் வைத்துக்கொள்ளலாம், அப்படியும் விற்றால் ஒரு விலை வரும். ஏழு வருஷ அப்டேட் என்று சாம்சங்கே 2024-இல் எஸ்24-க்குத்தான் சொல்ல ஆரம்பித்தது, அதுவும் விலை உயர்ந்த வரிசைக்கு. இரண்டு வருஷத்துக்கு ஒரு இருபதாயிரமா, ஐந்து வருஷத்துக்கு ஒரு எழுபதாயிரமா, நடுவில் திரும்பக் கிடைப்பது எவ்வளவு, போட்டுப் பாருங்கள், நீங்கள் நினைக்கிற அளவு வித்தியாசம் வராது. ஆசை இல்லை என்று சொல்லவில்லை, ஆசையும் இருக்கிறது. ஆனால் 2024-இல் இந்தியாவில் ஏறக்குறைய 15 கோடி ஸ்மார்ட்போன் இறங்கியதில் ஆப்பிள் சுமார் 1.2 கோடிதான், பத்தில் ஒன்றுகூட இல்லை, அப்படியும் பண மதிப்பில் கவுண்ட்டர்பாயிண்ட் அதற்குத்தான் முதலிடம் தருகிறது. அத்தனை பேரும் சின்னத்தைப் பார்த்து மயங்கினவர்களா?

இன்னொன்று. இப்போது வாங்குகிற பலருக்கு இது முதல் ஸ்மார்ட்போன் இல்லை, மூன்றாவதோ நாலாவதோ. ஹேங் ஆவது, சூடாவது, சர்வீஸ் சென்டரில் அலைவது எல்லாம் பார்த்துவிட்டு வருகிறார்கள். முதல் போனை விலை பார்த்து வாங்கினவன் நாலாவதையும் விலை மட்டும் பார்த்து வாங்குவான் என்பது என்ன கணக்கு?

பழனி ரோடு கடைக்காரன்:
விலை என்று யாரும் கேட்பதே இல்லை இப்போது, அது உங்கள் இருவருக்கும் தெரியாது. "மாசம் எவ்வளவு வரும்?" இதுதான் முதல் கேள்வி. ஃபைனான்ஸ்காரர் கவுண்ட்டர் என் கடையிலேயே இருக்கிறது, சிபில் (கடன் மதிப்பெண்) பார்த்து பத்து நிமிஷத்தில் ஓகே ஆகிவிடும். பதினைந்தாயிரம் ரூபாய் போன் கேட்டு வந்தவரிடம் "மாசம் ஐநூறு ரூபாய்தான் கூட" என்று சொன்னால் இருபத்தைந்தாயிரத்துக்கு ஏறிவிடுவார். எந்த கம்பெனிக்கு எந்த ஃபைனான்ஸில் டவுன் பேமெண்ட் இல்லாத ஸ்கீம் ஓடுகிறதோ அந்த மாசம் அந்த போன் பறக்கும். அடுத்த மாசம் ஸ்கீம் மாறினால் பிராண்டும் மாறும். ஆகவே வாத்தியார் சார் சொல்கிற விலையும் இல்லை, தங்கச்சி சொல்கிற அறிவும் இல்லை.

கணக்கு வாத்தியார்:
மாதத் தவணையும் விலைதானே ஐயா. துண்டு துண்டாக நறுக்கினால் அது விலை இல்லாமல் போய்விடுமா? என் கட்சிக்குத்தான் நீங்கள் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

கோவைக்காரி:
இல்லை சார், விலைதான் தடை என்றால் தவணை வந்ததும் தடை போய்விடுகிறது. தடை போனதும் எல்லோரும் எங்கே ஏறுகிறார்கள் என்று பாருங்கள். அங்கேதான் விருப்பம் இருந்திருக்கிறது, இத்தனை நாள் காசில்லாமல் அடங்கிக் கிடந்தது.

ஒரகடம் ஷிஃப்ட்:
இது சரியாகப் படுகிறது. எங்கள் அறையில் இ.எம்.ஐ. கிடைக்காதவன் ரெட்மி, கிடைத்தவன் ஐபோன்.

சுதேசி மனசு:
லாவாவுக்கு இ.எம்.ஐ. ஸ்கீம் போட்டால் லாவா ஓடுமா அண்ணே? நேர்மையாகச் சொல்லுங்கள்.

பழனி ரோடு கடைக்காரன்:
ப்ரமோட்டர் ஒருத்தனை நிறுத்தி, மார்ஜினும் கொடுத்தால் நான் ஓட்டிக் காட்டுகிறேன். அவர்கள் என் ஊருக்கு வரட்டும் முதலில்.

கடையின் பலம் புரியாதவர்களுக்கு ஒன்று. 2024-இல் தென்னிந்திய ரீட்டெய்லர் சங்கம் மே 1 முதல் ஒன்பிளஸ் விற்க மாட்டோம் என்று கடிதம் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? மார்ஜின் குறைவு, வாரண்டி க்ளெய்ம் இழுக்கிறார்கள் என்று புகார். பூர்விகா, சங்கீதா மாதிரி பெரிய கடைகளே அந்தச் சங்கத்தில் உண்டு. கம்பெனி உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் பிராண்டைத் தேடி எங்கே வேண்டுமானாலும் போவார் என்றால் அவர்கள் எதற்காக இறங்கிவர வேண்டும்?

அப்புறம் ஐபோன் விசுவாசம் பற்றி. எக்ஸ்சேஞ்சுக்கு வருகிற பழைய போனைத்தான் நான் பார்ப்பேன். என் கடையில் ஆண்ட்ராய்டோடு வருகிறவர் எந்தப் பெயரோடும் திரும்பிப் போவார், விவோ, ரெட்மி, மோட்டோ, எதுவும் ஓகே. ஐபோனோடு வருகிறவர் பெரும்பாலும் ஐபோனோடுதான் போவார், இதைப் பார்த்துத்தான் தங்கச்சி விருப்பம் என்கிறார். ஆனால் அவர்களிடம் ஒரு ஆண்ட்ராய்டைக் காட்டினால் முதலில் கேட்பது கேமராவோ பேட்டரியோ இல்லை. "என் வாட்ஸ்அப் சாட், போட்டோ எல்லாம் அப்படியே வருமா?" வரும், கேபிள் போட்டு உட்கார வேண்டும், நேரமாகும் என்று சொன்னதும் முகம் மாறிவிடும். "வேண்டாம், அதிலேயே அடுத்த மாடல் கொடுங்கள்." இதற்கு என்ன பெயர் வைக்கிறீர்களோ வைத்துக்கொள்ளுங்கள், கடையில் ஆள் வந்திருக்கிறார், அப்புறம் வருகிறேன்.