வேளச்சேரி வீட்டு வேலை 🏠 (குடும்பக் குழு)

கார்த்தி: மாமா, நாளைக்கு சன்ஷேடு கான்கிரீட். கொசு விஷயமா இப்பவே பார்க்க வேண்டியது இருக்கா? ஜன்னலுக்கு வலை போடப் போறோம்.

சேகர் மாமா: வலை அப்புறம் மாப்ளே. 2 அடி சன்ஷேடுக்கு வெளிப்பக்கமா அரை அங்குலம் வாட்டம் குடு. ஓரத்துல வரம்பு கட்டி ஒரு அங்குல பைப் வைப்பாங்க, இலை அடைச்சுத் தண்ணி நிக்கும். வரம்பே வேண்டாம்.

வசந்தி சித்தி: மேல் டேங்க்கையும் இப்பவே யோசி கண்ணா. சென்னையில மலேரியா பரப்புற அனாஃபிலஸ் ஸ்டீபன்சி டேங்க்லயும் கிணத்துலயும்தான் அதிகமா பெருகும். மூடி இருந்தா போதாது, ஓவர்ஃப்ளோ பைப் வாய் திறந்துதானே கிடக்கு?

கார்த்தி: துணி கட்டிடலாமா?

சேகர் மாமா: துணி பாசி பிடிச்சு அடைக்கும். மூடி வழியா தண்ணி வழியும், வர்ற ப்ளம்பர் துணியைப் பிச்சுப் போட்டுட்டுப் போயிடுவார். பைப்பை 2 அங்குலமா வை. எல்போ (வளைவு) போட்டு வாயைக் கீழே திருப்பு, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலையை கிளாம்ப்ல முறுக்கு. கழட்டிக் கழுவக் கைக்கு எட்டணும்.

வசந்தி சித்தி: அண்ணா, செப்டிக் டேங்க் வென்ட் (வாயு போற குழாய்)? ராத்திரி கடிக்கிற க்யூலெக்ஸ் கொசு அங்கேயும் பெருகுமே.

சேகர் மாமா: ஆமா. அங்க ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) வலை வேண்டாம், உள்ளேருந்து வர்ற வாயு துருப்பிடிக்க வச்சிரும். நைலான் வெயில்ல பொடிஞ்சிரும். எஸ்.எஸ். மட்டும். மேன்ஹோல் மூடியைச் சுத்திச் சந்து விடாம கலவை பூசு.

கார்த்தி: ஜன்னல் வலை எந்தக் கண்?

சேகர் மாமா: அங்குலத்துக்கு 18×16 கண். அதைவிட நெருக்கமா போனா காத்து குறையும். 3 ட்ராக் ஸ்லைடிங் ஜன்னல்ல கண்ணாடியைப் பாதி திறந்தா வலைக்கும் கண்ணாடிக்கும் நடுவுல சந்து விழும், முழுசாத் திற. பாத்ரூம் லூவர், எக்ஸாஸ்ட் ஓட்டை ரெண்டையும் எல்லாரும் மறப்பாங்க.

கார்த்தி: இவ்வளவும் அடைச்சா டெங்கு வராதுல்ல?

வசந்தி சித்தி: டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ளேயே பிறக்கும்டா. ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டு, பூந்தொட்டித் தட்டு. முட்டையை தண்ணி மட்டத்துக்குச் சத்தே மேல ஒட்டிடும், காய்ஞ்சாலும் மாசக்கணக்கா தாங்கும். கொட்டினா பத்தாது, வாரம் ஒரு தடவை தேய்ச்சுக் கழுவணும். முட்டை கொசுவாக 7-10 நாள்தான்.

சேகர் மாமா: தளம் போட்டதும் கான்கிரீட் இறுகப் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துவீங்கல்ல, அதுவும் இதே கணக்கு. 5 நாளுக்கு ஒரு தடவை பாத்தியை உடைச்சு வடிச்சு, அன்னைக்கே புதுத் தண்ணி விடு. காயவிட்டா தளம் வெடிக்கும். தூணுக்கு ஈரச் சாக்கு போதும்.

கார்த்தி: சைட்ல 3 ட்ரம் திறந்தே கிடக்கு மாமா 😬

வசந்தி சித்தி: இப்பவே போய் கவிழ்த்துத் தேய்.