அழுமூஞ்சி மதகும் ஹெல்மெட் போட்ட வெருளியும்: வழியில் கண்ட பகிடிகள்

பரந்தன் சந்தி

தினமும் பாத்துப் பழகின இடமொண்டு திடீரெண்டு உங்களைச் சிரிக்க வைச்சிருக்கோ? ஓவியமோ, பொம்மையோ, ஆரோ வேணுமெண்டு செய்த குழப்படியோ, எதெண்டாலும் கீழ உங்கட புனைபெயரைப் போட்டு எழுதுங்கோ.

என்ர கதை இது. எங்கட உள்வீதியில ஒரு பழைய மதகு இருக்கு. ரெண்டு குழாய், மேல வெடிச்ச கொங்கிறீற். கோடையில குழாய் ரெண்டும் காய்ஞ்சு கறுப்பாத் தெரியும். போன கோடையில ஆரோ அதுகளுக்கு மேல இமையும் புருவமும் கீறி, நடுவில இருந்த வெடிப்பை மூக்காக்கி விட்டிட்டினம். கறுப்புப் பெயின்ற், கொஞ்சம் வெள்ளை, அவ்வளவுதான். பிறகு மாரி தொடங்க, முகம் அழத் தொடங்கீட்டுது. குழாயால தண்ணி வருதெல்லோ! கீறின ஆள் இதை யோசிச்சுத்தான் செய்ததோ தெரியாது, பள்ளிக்கூடப் பிள்ளையள் மழைக்க நிண்டு பாக்குதுகள். இப்ப மினிபஸ் பெடியன் “அழுமூஞ்சி மதகடி இறக்கம் இருக்கோ” எண்டு கேக்கிறான்.

2019 கடைசியில தீவு முழுக்க இளம் ஆக்கள் மதில் மதிலாப் படம் கீறினது ஞாபகமிருக்கும். வடிவான படங்களும் இருந்ததுதான். ஆனா கனக்க இடத்தில மதில் வெறும் கடதாசியாத்தான் கிடந்தது. வயல், மயில், சூரியன். அதைத் தூக்கி வேற மதிலில போட்டாலும் ஒண்டும் குறையாது. இந்த மதகின்ர முகத்தை வேற எங்க கொண்டுபோய் வைப்பியள்?

கச்சான் கடை

எங்கட பக்கத்து முன்பள்ளியில ரயரை வெட்டி அன்னம், கிளி எல்லாம் செய்து வாசலில வைச்சிருக்கினம். அது எங்கயும் உள்ளதுதான், புதினமில்லை. புதினம் என்னெண்டால், ஒரு உழவு இயந்திரக்காரர் பெரிய ரயர் குடுக்க, அதில ஒரு யானை செய்து போட்டினம். சுகாதாரப் பரிசோதகர் வந்து பாத்திட்டு, “யானையின்ர வயித்துக்க தண்ணி நிக்குது, நுளம்பு பெருகும், ஓட்டை போடுங்கோ” எண்டிட்டார். போட்டாச்சு. இப்ப மழை விட்டாப் பிறகு கன நேரத்துக்கு யானை நாலு பக்கத்தாலயும் ஒண்டுக்குப் போகுது. பிள்ளையளுக்கு முந்தியை விட முசுப்பாத்தி.

வட்டுவாகல்

நான் கன காலம் பெர்லினில இருந்தனான். யான் போர்மான் எண்ட கலைஞர், இடிஞ்ச சுவர்களில உள்ள ஓட்டையளை லெகோ எண்ட பிளாஸ்ரிக் விளையாட்டுக் கட்டியளால அடைக்கிறவர். 2007 இல இத்தாலியில பொக்கிஞ்ஞானோ எண்ட சின்னக் கிராமத்தில தொடங்கின வேலை, பிறகு பெர்லினுக்கும் வந்தது. அங்க அவர் அடைச்சதில ரெண்டாம் உலகப்போரின்ர காயங்களும் இருக்கு. சாம்பல் சுவர், நடுவில சிவப்பு, மஞ்சள், நீலம். முதல் சிரிப்புத்தான் வந்தது. கொஞ்சம் நிண்டு பாத்தாப் பிறகுதான் அது எதால வந்த ஓட்டையெண்டு உறைச்சது.

ஊருக்கு வந்து நிக்கேக்க இதை மருமக்களுக்குப் போனில காட்டினன். புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கட அம்மம்மாவின்ர பழைய வீட்டில மிச்சமா நிக்கிறது ஒரு சுவர்தான், அதுவும் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி. புது வீடு பக்கத்தில. லெகோவுக்கு எங்க போறது? பிள்ளையள் கடையடியில சோடா மூடி பொறுக்கி, புற்றுமண்ணைக் குழைச்சு, ஒவ்வொரு ஓட்டையா அடைக்கத் தொடங்கீட்டுதுகள். அம்மம்மா பாத்திட்டு, “உது விளையாடுற சுவரோ” எண்டு பேசினா. பிறகு பின்னேரம் கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்து, “அதில மஞ்சள் காணாது, பச்சை கூடிப்போச்சு” எண்டு மேற்பார்வை! ஒரேயொரு ஓட்டையை மட்டும், யன்னலுக்குப் பக்கத்தில உள்ளதை, அடைக்க விடேல்ல. ஏனெண்டு அவ சொல்லேல்ல, நாங்களும் கேக்கேல்ல.

நெத்தலியாறு

குறை நினையாதேங்கோ, எனக்கு உது சரியாப் படேல்ல. அந்த ஓட்டையள் சாட்சி. பெர்லின்காரர் போர் முடிஞ்சு அறுபது வருசத்துக்குப் பிறகு விளையாடினவை. எங்களுக்கு முடிஞ்சது 2009. காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர சொந்தங்கள் 2017 மாசியில கிளிநொச்சியில தொடங்கின போராட்டத்துக்கு இன்னும் பதில் கிடைக்கேல்ல. அதுக்குள்ள சோடா மூடியோ?

வட்டுவாகல்

உங்கட கோவம் நியாயம், மறுக்கேல்ல. ஆனா புற்றுமண் ரெண்டு மாரிக்குத் தாங்காது, மூடியோட சேந்து விழுந்திடும். சுவர் அப்பிடியே நிக்கும். அதைவிட, கிளிநொச்சி நகரத்துக்க பாத்திருப்பியள்: பெரிய கொங்கிறீற் கட்டி, அதைத் துளைச்சுக்கொண்டு ஒரு எறிகணை, உச்சியில தாமரைப் பூ. அதுவும் போர் வெற்றிச் சின்னமெண்டு அரசு எங்கட இடத்தை மாத்த வைச்ச சிற்பம்தான். எங்களைக் கேட்டு வைக்கேல்ல. இந்தச் சுவர் அம்மம்மாவின்ர. எதை அடைக்கலாம், எதை விடவேணும் எண்டு சொன்னது அவ.

குளக்கட்டு

சண்டை பிடியாதேங்கோ, நான் முதலைக் கதை சொல்லுறன்.

2015 இல பெங்களூரில பாதல் நஞ்சுண்டசுவாமி எண்ட கலைஞர், வீதியில தண்ணி தேங்கி நிண்ட பெரிய கிடங்குக்க பொம்மை முதலையொண்டை விட்டவர். படம் உலகம் முழுக்கச் சுத்தினது. 2019 இல அதே மனிசன், விண்வெளி உடுப்புப் போட்ட ஒருத்தரைக் குண்டும் குழியுமான வீதியில மெதுமெதுவா நடக்க விட்டு வீடியோ எடுத்தார். சந்திரனெண்டு நினைச்சுப் பாத்துக்கொண்டிருக்க, பக்கத்தால ஒரு ஓட்டோ போகும்!

நானும் எங்கட பெடியளும் இதை இஞ்ச செய்தா என்னெண்டு கதைச்சனாங்கள். முதலை சரிவராது. குளம் வான் பாயேக்க உண்மையான முதலையே வீதிக்கு வாற ஊர் இது. பொம்மையை வைச்சா ஒருத்தரும் சிரிக்கமாட்டினம், பொல்லோடதான் வருவினம். வீதி திருத்தச் சொல்லிக் கிடங்குக்க வாழை நடுறதும் நாத்து நடுறதும் எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்ச பகிடி, கோவத்தில செய்யிற பகிடி. விண்வெளிக்காரர்தான் எங்களுக்குப் பொருத்தம். கிறவல் புழுதிக்க சந்திரனெண்ட கதையே தேவையில்லை, நேர செவ்வாய்க்கிரகம்.

சின்ன ரீச்சர்

முதலை இஞ்ச சரிவராதெண்ட கதையில எனக்கும் ஒண்டு ஞாபகம் வந்தது. நான் சித்திரம் படிப்பிக்கிறன். ஸ்லிங்காச்சு எண்ட கலைஞர் 2006 இல இருந்து லண்டன் வீதியளில செய்யிறதைப் பிள்ளையளுக்குக் காட்டினன். விளையாட்டு ரயிலோட வாற விரல்நுனி அளவு மனிசரை எடுத்து மாத்தி, நடைபாதையில வைச்சுப் படமெடுத்திட்டு, அங்கயே விட்டிட்டுப் போறவர். சில்லறைக் காசளவு தண்ணி அவையளுக்குக் குளம். பிள்ளையளுக்கு விசர் பிடிக்காத குறை. “நாங்களும் களிமண்ணில செய்து பாதையோரம் வைப்பம் ரீச்சர்!”

நான் ஓமெண்டு சொல்லேல்ல. இது வன்னி. மிதிவெடி விழிப்புணர்வெண்டு வருசக்கணக்கா நாங்கள் படிப்பிச்சது இதைத்தான்: நிலத்தில வித்தியாசமா ஒண்டு கிடந்தாத் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியாக்களிட்டச் சொல்லு. அ, ஆ தெரிய முதல் மண்டையோட்டுப் பலகையை வாசிக்கப் பழகின பிள்ளையள் இருந்த இடம். லண்டனில குனிஞ்சு எடுத்துப் பாக்கிறதுதான் அந்த விளையாட்டின்ர உயிர். அந்தப் பழக்கத்தை நானே பிள்ளையளுக்குக் குடுக்கேலுமோ?

அதால நிலத்தில ஒண்டும் இல்லை, சுவரில மட்டும் எண்டு முடிவெடுத்தம். பள்ளிக்கூட மதிலின்ர அடியில மாரிக்குப் பாசி படரும். அதை அப்பிடியே வயலாக்கி, அதுக்குள்ள விரலளவு உழவு இயந்திரம், கொக்கு, வரம்பில ஒரு தாத்தா எல்லாம் கீறினவை. எல்லாம் ஏழு வயசுப் பிள்ளையின்ர கண் உயரத்தில. பெரியாக்கள் குனிஞ்சுதான் பாக்கவேணும். அதிபரும் குனிஞ்சார். பங்குனியில பாசி காய்ஞ்சு மஞ்சளா வர, ஒருத்தரும் சொல்லாமலே பிள்ளையள் அறுவடை முடிஞ்சுதெண்டு நெற்சூடு வைச்சுக் கீறிப் போட்டுதுகள். இது நான் படிப்பிச்ச பாடமில்லை.

ஊர்க்குருவி

மலேசியாவில, பினாங்கு ஜோர்ஜ் டவுனில எர்னஸ்ட் சக்கரேவிச் 2012 இல செய்த ஓவியத்தை நேரில பாத்தனான். சுவரில ரெண்டு பிள்ளையள், ஆனா அவை ஓடுறது உண்மையான சைக்கிள், சுவரோட பொருத்தினது. நல்ல வேலை. ஆனா இப்ப அதில நிண்டு படமெடுக்கிறதுக்கு ஆக்கள் வரிசை. ரீச்சர், உங்கட மதிலை உல்லாசப் பயணியளுக்குக் காட்டிப் போடாதேங்கோ.

கச்சான் கடை

எங்க, ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வெருளி இருக்கெண்டு சொல்லுறினம், உண்மையோ?

குளக்கட்டு

உண்மை, ஆளையும் தெரியும். கச்சான் தோட்டத்தில பன்றிக்கெண்டு கட்டின வெருளி. ஹெல்மெட் போட்டு, வெளிறின மழைக்கோட் மாட்டி, ஒரு கையைத் தூக்கி வீதியைப் பாக்க நிறுத்தி வைச்சிருக்கிறார். வளைவு திரும்பினோடன போக்குவரத்துப் பொலிஸ் மறிக்கிற தோற்றம். ஹெல்மெட் இல்லாமல் வாறவன் அந்த இடத்தில மோட்டச்சைக்கிளைத் திருப்பிப்போட்டு ஓடுவான். மனிசன் கொட்டிலுக்க இருந்து வயிறு நோகச் சிரிப்பார். மயில் மட்டும் ஏமாறாது, ஹெல்மெட்டுக்கு மேலதான் குந்தியிருக்கும்.

“அண்ணை, உது கலையெல்லோ” எண்டன். “விசர்க்கதை கதையாத, ஆரிட்டயாவது பழைய மழைக்கோட் இருந்தாக் கேட்டு வா” எண்டார். பெரிய சைஸா வேணுமாம். மெலிஞ்ச பொலிசைப் பன்றி மதிக்குதில்லையாம்.