ஹெபாரின் சேர்த்ததும் ஆர்ஆர்என்பி பி1 பேண்ட் மறைவது ஏன்?

கேள்வி:
ஈ. கோலை ஆர்என்ஏ பாலிமரேஸ் (டிஎன்ஏ-வைப் படித்து ஆர்என்ஏ எழுதும் என்சைம்), புரமோட்டரை அடையாளம் காணும் சிக்மா 70 சேர்த்த ஹோலோஎன்சைம், 37 டிகிரி, ஜெல் ஷிஃப்ட் (புரதம் பிடித்த டிஎன்ஏ ஜெல்லில் மெதுவாக நகர்ந்து தனி பேண்டாகத் தெரியும் சோதனை). லாக் யூவி5 புரமோட்டர் (ஆர்என்ஏ எழுதத் தொடங்க பாலிமரேஸ் பிடிக்கும் டிஎன்ஏ பகுதி) காட்டும் பேண்ட், தனியே இருக்கும் பாலிமரேஸைப் பிடித்துக்கொள்ளும் ஹெபாரினைத் தாங்குகிறது. ரைபோசோம் ஆர்என்ஏ-வுக்கான புரமோட்டரான ஆர்ஆர்என்பி பி1-இன் பேண்ட் போயே போய்விடுகிறது. பி1-க்கு பாலிமரேஸின் ஆல்ஃபா துணை அலகு பிடிக்கிற யூபி எலிமென்ட் என்ற டிஎன்ஏ பகுதியும் இருக்கிறது, செல்லுக்குள் பி1-தான் மிக வலுவானது. என்சைமில் கோளாறா?

பதில் 1:
என்சைம் சரிதான், இல்லையென்றால் லாக் யூவி5-உம் நின்றிருக்காது. டிஎன்ஏ-வைப் பிடிப்பது வேறு, பிரித்த இழைகளைப் பிரித்தபடியே வைத்திருப்பது வேறு.

ஆர்என்ஏ தொடங்கும் எழுத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால், யூபி எலிமென்ட் −40 முதல் −60 வரை. ஆல்ஃபாவின் சி-முனைப் பகுதி, ஆர்ஜினின் 265-ஐ முக்கியப் பிடிமானமாகக் கொண்டு, அங்கே சிறு பள்ளத்தில் உட்காரும். −35-ஐ சிக்மாவின் 4.2 பகுதி பெரும் பள்ளத்தில் படிக்கும். இரண்டுமே இரட்டை இழையோடு நடப்பவை. பாலிமரேஸை வரவழைக்கும் வேலை.

−10-இல்தான் இழை பிரிகிறது. வார்ப்பல்லாத இழையில் டிஏடிஏஏடி-யின் இரண்டாம் எழுத்தான ஏ-உம் கடைசி டி-யும் வெளியே புரண்டு சிக்மா 2-இன் குழிகளில் பொருந்தும். அதற்கடுத்த துண்டை சிக்மா 1.2 தொடும். பி1-இல் அங்கே ஜிசி அதிகம். போதாததற்கு, அந்தத் துண்டின் இரண்டாவது எழுத்து சி. அதை ஜி ஆக்கினால் சிக்மா 1.2-இன் பிடி இறுகி, காம்ப்ளெக்ஸ் நெடுநேரம் நிற்கும். −10, −35 இடைவெளியும் உகந்த 17 எழுத்துக்குப் பதில் 16. ஆகவே இழைகள் பிரிந்து திறந்த குமிழ் சீக்கிரம் மூடிக்கொள்ளும். கழன்ற பாலிமரேஸை ஹெபாரின் பிடித்துக்கொள்ளும். செல்லுக்கு இது தேவை: பட்டினியில் கூடும் பிபிஜிபிபி என்ற சிறு மூலக்கூறும் டிகேஎஸ்ஏ என்ற புரதமும் பி1-ஐ அடக்குவதற்கு இந்த நிலையின்மையே வழிவிடுகிறது.

பதில் 2:
செய்முறைக்கு: ஹெபாரினுக்கு முன்பே, ஆர்என்ஏ-வின் கட்டுமான எழுத்துகளில் ஏடிபி, சிடிபி இரண்டை மட்டும் சேருங்கள். பி1-இன் ஆர்என்ஏ ஏசியு என்று தொடங்குவதால், யுடிபி இல்லாமல் இரண்டு எழுத்தோடு நிற்கும். அந்தக் காம்ப்ளெக்ஸ் ஹெபாரினைத் தாங்கும். உப்பையும் பாருங்கள். 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு பி1-க்கு அதிகம், 30-இல் தொடங்குங்கள். சிக்மாவைக் கோரைவிட (சிக்மா நீங்கலான பாலிமரேஸ்) 3 முதல் 5 மடங்கு வையுங்கள். சிக்மா சேராத கோர், டிஎன்ஏ முனைகளில் ஒட்டிப் பொய்ப் பேண்ட் காட்டும்.

கேட்டவர்:
யூபி-யின் பங்கைத் தனியாகப் பார்ப்பது எப்படி?

பதில் 1:
ஆல்ஃபாவை 235-ஆவது அமினோ அமிலத்தோடு வெட்டிய பாலிமரேஸை அதே டெம்ப்ளேட்டில் ஓட்டுங்கள். அது கோராகச் சேரும், −10-ஐயும் −35-ஐயும் படிக்கும். யூபி தருகிற ஏறத்தாழ 30 மடங்கு உயர்வு மட்டும் காணாமல் போகும். இதற்கு ஜெல் ஷிஃப்ட் வேண்டாம், சூப்பர்காயில் பிளாஸ்மிடில் டிரான்ஸ்கிரிப்ஷன் அளவையே எடுங்கள்.