மறு: படியெடுப்புக் காரணியா, மடைப்புரதமா?

அன்பு நண்பர்களே,

திங்கட்கிழமை காலை என் தமிழ்வழி மாணவர்கள் கையில் பாடக்குறிப்பு இருக்க வேண்டும். அதற்காகத்தான், மரபணுவைப் படியெடுக்க (டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்க) விடுவதும் விடாமல் தடுப்பதுமான புரதத்துக்கு (transcription factor) உங்களிடம் ஒரு சொல் கேட்டேன்.

'தூண்டுபுரதம்' என்ற சொல் பொருந்தாது. நான் நடத்தப்போவது பி.சி.எல்.11ஏ (BCL11A) என்ற அப்படியொரு புரதம். கருவிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா புரதச் சங்கிலி இரண்டு, காமா சங்கிலி இரண்டு. பிறந்த சில மாதங்களில் காமா குறைந்து பீட்டா அந்த இடத்துக்கு வந்துவிடும். காமா மரபணுவை அடக்கி வைப்பதில் இந்தப் புரதத்துக்குப் பெரும்பங்கு உண்டென்று 2008-இல் தெரியவந்தது. பீட்டா பழுதாவதால் வரும் அரிவாள் செல் சோகை உள்ளவருக்கு அந்த அடக்கம் தளர்வதே நல்லது. பழுதான பீட்டாவின் வேலையைக் காமா பார்த்துக்கொள்ளும். 2023-இல் பிரிட்டன் ஒப்புதல் தந்த மரபணுத் திருத்தச் சிகிச்சை இந்த வழியில்தான் நடக்கிறது. அடக்குவதையே தொழிலாகக் கொண்டதைத் தூண்டு என்று சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏரி நீரை வெளியே விடும் மடையைத் திறக்கலாம், அடைக்கவும் செய்யலாம். சேர்வராயன் மலைத் தண்ணீர் இறங்கி வரும் சேலத்து மூக்கனேரிப் பக்கம் வளர்ந்த எனக்கு மடைப்புரதம் என்பது தானாக வந்தது. அதற்கு ஒருவர் மடைப்பள்ளியை நினைவூட்டினார். சோற்று மடையும் நீர் மடையும் ஒரே வேரா என்று தொடங்கி, ஏரிக்குப் போய், ஏற்காடு 'ஏரிக்காடு'தானா என்பதில் மூன்று மடல்கள் ஓடின. ஆசையாகப் படித்தேன், ஆனால் திங்கட்கிழமை நெருங்குகிறதே!

வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஏற்காட்டு மாணவி, "எங்க ஊர்ல ஓடைதான் சார், மடையெல்லாம் பார்த்ததில்லை" என்றார். பின்வரிசைக்கு மடையன் ஞாபகம் வந்து ஒரே சிரிப்பு. அப்புறம், படியெடுத்தல் அவர்கள் பள்ளியிலேயே படித்த சொல்.

சரி, பெரும்பான்மையோர் சொன்ன 'படியெடுப்புக் காரணி'யையே குறிப்பில் போடுகிறேன். காரணி வடசொல் என்ற தடை எனக்கில்லை. அது புரதம் என்பதைச் சொல் காட்டவில்லையே என்பதுதான் என் குறை. அதனால் முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் மடைப்புரதமும் இருக்கும்.

இன்னொன்று. அந்தச் சிகிச்சை வெட்டுவது பி.சி.எல்.11ஏ புரதத்தை அல்ல. இரத்தச் சிவப்பணு உருவாகும்போது அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் கூட்டும் ஒரு டி.என்.ஏ. துண்டை (enhancer). அதற்கு என்ன சொல்? ஊக்கி என்றால் வினையூக்கியோடு குழம்புகிறார்கள். ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கன்னங்குறிச்சியிலிருந்து